நீலக்கோடு

எங்கள் தெருமுனைச் சுவரில் சுவரொட்டி ஒட்டுகிறவர்கள் இரவு பத்து மணிக்கு மேல்தான் வருகிறார்கள், கண்ணீர் அஞ்சலியோ காதணி விழாவோ கட்சி மாநாடோ, எதுவானாலும் அதே வாளி, அதே நீளக்கம்பு, வாளிக்குள் காய்ச்சிய மைதாப்பசை ஆறியும் ஆறாமலும் இருக்கும், அதன் வாடை மாடி வரைக்கும் ஏறி வரும். கஞ்சி வாடையும் லேசான புளிப்பும், அதற்கு அடியில் மயில்துத்தத்தின் காரலும், பழகாதவர்களுக்குக் குமட்டும், பக்கத்து வீட்டில் ஜன்னலைச் சாத்திவிடுகிறார்கள். நான் திறந்தே வைத்திருப்பேன், கையில் இருக்கிற போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருப்பேன், கோவில்பட்டியில் தாத்தா வீட்டுத் திண்ணையும், அதில் சாயங்கால வெயில் சாய்ந்து விழுகிற இடமும், அந்த இடத்தில் சிரட்டையில் வைத்த பசையும் தானாக வந்து சேரும்.

எழுபதுகளின் கோவில்பட்டியில் பசை வாடை இல்லாத தெரு இல்லை. வானம் பார்த்த கரிசல் பூமி, விவசாயத்தைக் கெடுத்த அதே வெயில்தான் தீக்குச்சியைக் காயவைத்தது, சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி என்று வரிசையாகத் தீப்பெட்டி ஆபீஸ்கள் வந்தன, ஆபீசுக்குப் போக முடியாத பெண்கள் வீட்டிலிருந்தபடியே அடிப்பெட்டியும் மேல்பெட்டியும் ஒட்டினார்கள், குரோசுக்கு இவ்வளவு என்று கூலி. பக்கத்து வீட்டு அத்தை முற்றத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, நீலத்தாளை மரச்சீவலில் சுற்றி விரலால் ஒரு நீவு நீவினால் பெட்டி விழும், கையைப் பார்க்கவே மாட்டார், பேச்சும் நிற்காது. பூச்சி அரிக்காமல் இருக்க அவர் பசையில் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சுவார், தாத்தாவுக்கு வேண்டியது அந்தப் பசை. "ஏய்யா, அத்தைகிட்டப் போயி ரெண்டு விரலு பசை வாங்கிட்டு வா, பேரேட்டுக்குன்னு சொல்லு" என்பார், நான் சிரட்டையை எடுத்துக்கொண்டு ஓடுவேன்.

தாத்தா ஆரம்பப்பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், காலையில் குளித்து விபூதி பூசி, மூக்குக் கண்ணாடியின் உடைந்த காம்புக்குப் பதிலாகக் கட்டிய நூலைக் காதில் மாட்டிக்கொண்டு, மதுரையிலிருந்து பஸ்ஸில் வந்த தினமணியை மடியில் விரித்தாரென்றால், தலைப்புச் செய்தியில் தொடங்கி விருதுநகர் மார்க்கெட் நிலவரம் வரைக்கும் போய்த்தான் எழுந்திருப்பார். அவருக்கு விற்க ஒரு படி துவரையும் கிடையாது, ஆனாலும் மல்லி என்ன விலை, வத்தல் என்ன விலை என்று தெரிந்துவைத்திருப்பார், தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டியவர்கள் யார் என்றும் தெரியும். ஆசிரியர் ஏ.என். சிவராமன் 'கணக்கன்' என்ற பெயரில் எழுதுகிற கட்டுரை வந்த நாளில் வீடே அடங்கியிருக்க வேண்டும், அதை இரண்டு முறை படிப்பார், இரண்டாவது முறை உதடு அசையும். அவர் காதில் எப்போதும் ஒரு பென்சில் இருக்கும், ஒரு முனை சிவப்பு, மறு முனை நீலம். சிவப்பில் கோடு போட்டால் அது பேரேட்டில் ஒட்டுவதற்கு, நீலத்தில் கோடு போட்டால் அது யாருக்கோ போக வேண்டியது.

வீட்டில் எல்லோரும் படித்து முடிக்கும்வரை பேப்பரில் பிளேடு படாது, இது சட்டம். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, அரிக்கேன் விளக்கின் மஞ்சள் வட்டத்தில், அட்டைக்கு நடுவே செருகிய பாதி பிளேடால், பள்ளிக்கூடத்து மர ரூலர் வைத்து நேராக அறுப்பார், ஓரத்தில் பத்திரிகையின் பெயர், தேதி. மிச்சப் பேப்பர் ஜன்னல் வைத்த சுவர் மாதிரி ஆகிவிடும், பாட்டி அதைத்தான் அலமாரித் தட்டுகளில் விரிப்பார், எடைக்குப் போடும்போது பழைய பேப்பர்க்காரர் ஒவ்வொரு தாளாகத் தூக்கிப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டே தராசில் வைப்பார்.

நீலக்கோட்டுத் துண்டுகளுக்கு ஆட்கள் இருந்தார்கள். பசுவந்தனைப் பக்கம் பருத்தி போட்டிருந்த பழைய மாணவர் ஒருவருக்குக் கருங்கண்ணி பற்றியும் காய்ப்புழு பற்றியும் வருவதெல்லாம் போகும். பொன்மலை ரயில்வே பணிமனையில் இருந்த நண்பருக்கு உலகத்தில் எங்கே புது ரயில் ஓடினாலும் போகும். சர்க்கரை வியாதியோடு அம்பாசமுத்திரத்தில் இருந்த சம்பந்திக்கு வெந்தயம் பற்றி எவனாவது எழுதியிருந்தால் அது போகும், எழுதியவன் வைத்தியனா என்று பார்த்துவிட்டுத்தான் போகும். மாதம் ஒரு தடவை மஞ்சரி வரும், உலகத்துக் கட்டுரைகளைச் சுருக்கித் தமிழில் தந்த பத்திரிகை, அதை அறுக்க மாட்டார், பக்கத்தையே கையால் நகலெடுத்து அனுப்புவார். தமிழ்வாணனின் கல்கண்டு என் பங்கு, அதில் வருகிற துணுக்குகளை மனப்பாடம் செய்து மறுநாள் பள்ளிக்கூடத்தில் சொல்லுவேன், யாருக்கு எது என்று பார்க்கத் தெரியாத வயது, எல்லோருக்கும் எல்லாவற்றையும் சொன்னேன்.

இன்லண்ட் லெட்டருக்குள் எதையும் வைக்கக் கூடாது, கவர் என்றால் முழுத் தபால் கட்டணம், அதனால் தாத்தா வெட்டிய துண்டுகளைப் புக்போஸ்ட்டில் அனுப்புவார். வாயை ஒட்டாமல் உள்ளே மடித்துச் செருகிய கவர், தபால்காரர் திறந்து பார்க்கலாம், அச்சடித்தது மட்டும்தான் இருக்க வேண்டும், சொந்தக் கடிதமாக ஒரு வரி எழுதியிருந்தாலும் சலுகை கிடையாது. தலைமையாசிரியர் அல்லவா, விதியை அவர் மீற மாட்டார், நலம் நலமறிய ஆவல் என்றுகூட எழுத மாட்டார். அந்தக் கட்டுரையில் அந்த நண்பர் எந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டுமோ அந்த வரிக்குப் பக்கத்தில் நீலக்கோடு மட்டும் போட்டிருக்கும், சில வரிகளுக்கு ஒற்றைக் கோடு, சிலவற்றுக்கு இரட்டை. நான் பாளையங்கோட்டையில் ஹாஸ்டலில் இருந்தபோது எனக்கும் வந்தன, கூடப் படித்தவர்களுக்கு வீட்டிலிருந்து மணியார்டரும் முறுக்கும் வரும், எனக்கு வாய் ஒட்டாத கவர் வரும், கோட்டைப் பார்த்தாலே அவர் என்ன நினைத்து அனுப்பினார், எந்த இடத்தில் என்னைச் சந்தேகப்படுகிறார், எங்கே என் பேரில் நம்பிக்கை வைத்திருக்கிறார் என்று தெரிந்துவிடும்.

இதற்கு நேர்மாறான இடம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருந்த டீக்கடை. அண்ணாச்சி அதிகாலையிலேயே பாய்லரைப் பற்றவைப்பார், தேயிலைத்தூள் வேகிற வாடையும் பீடிப் புகையும் ஈரம் போகாத அச்சுமையும் சேர்ந்து கடைக்கென்று ஒரு மணம், உள்ளே நுழைந்தால் சட்டையில் ஒட்டிக்கொண்டு வீடு வரைக்கும் வரும். 1942இல் மதுரையில் சி.பா. ஆதித்தனார் தொடங்கிய தினத்தந்தி, எழுத்துக்கூட்டிப் படிக்கிறவருக்கும் புரிய வேண்டும் என்று எழுதப்பட்ட பத்திரிகை, அங்கே அது ஒரு பத்திரிகையாக இருந்ததே இல்லை, வந்த நிமிடத்தில் தாள் தாளாகப் பிரிந்து பெஞ்சு பெஞ்சாகப் போய்விடும், முதல் பக்கம் ஒருவர் கையில், சினிமா ஒருவர் கையில், கன்னித்தீவு இருக்கிற தாளுக்கு ஒரு வரிசையே நிற்கும். படிக்கத் தெரிந்தவர் உரக்கப் படிப்பார், தெரியாதவர் கேட்டுவிட்டு அபிப்பிராயம் சொல்வார், அபிப்பிராயம் சொல்ல எழுத்துத் தெரிந்திருக்க வேண்டும் என்று அங்கே யாரும் நினைக்கவில்லை. சொன்னவன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தான், தப்பென்றால் அங்கேயே பிடித்துக்கொள்ளலாம்.

1979 ஜூலையில் அந்தக் கடையில் ஸ்கைலாபைத் தவிர வேறு பேச்சில்லை. அமெரிக்கா 1973இல் மேலே அனுப்பிய விண்வெளி நிலையம், எழுபத்தேழு டன், சூரியனின் சீற்றத்தால் மேல்வளிமண்டலம் சூடேறி விரிந்து அதன் ஓட்டத்தை மட்டுப்படுத்த, எதிர்பார்த்ததற்கு முன்பே இறங்கிவிட்டது, தூக்கி நிறுத்த அனுப்ப நினைத்திருந்த ஸ்பேஸ் ஷட்டில் இன்னும் தயாராகவில்லை. எங்கே விழும் என்று அனுப்பியவர்களுக்கே தெரியவில்லை. விழுகிற துண்டு ஒரு மனிதன் மேல் படுவதற்கு 152இல் ஒரு வாய்ப்பு என்று நாசா கணக்குச் சொன்னது, அது டீக்கடைக்கு வந்து சேரும்போது நூற்றைம்பத்திரண்டு பேரில் ஒருத்தர் சாவார் என்று ஆகியிருந்தது, கடையிலிருந்து எங்கள் தெருவுக்கு வரும்போது தெருவுக்கு ஒருத்தர் என்று ஆகிவிட்டது. அத்தை தன் மகனை மொட்டைமாடியில் படுக்க விடவில்லை, பெட்டி ஒட்டுகிற கை நின்று நின்று போயிற்று, கோழியை அறுத்துக் குழம்பு வைத்துவிடலாம், இருக்கும்போதே சாப்பிடுவோம் என்று பாட்டியிடம் வந்து சொன்னார்.

அன்றைக்குத் தாத்தா நீலக்கோட்டுத் துண்டு ஒன்றைத் தபாலில் போடாமல் கையில் எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனார். அத்தை மகனும் நானும் பின்னால் நின்றோம். நூற்றைம்பத்திரண்டு ஆட்களில் ஒருவர் என்று யாரும் சொல்லவில்லை, உலகத்தில் இருக்கிற நானூறு கோடிக்கும் மேற்பட்ட ஜனங்களில் யாராவது ஒரே ஒரு ஆள் மேல் படுவதற்குத்தான் அந்த வாய்ப்பு என்று செய்தியைப் படித்துக் காட்டினார், பிறகு சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் 152ஐயும் 400 கோடியையும் எழுதிப் பெருக்கினார், சுழி போட இடம் போதாமல் அத்தை முறத்தை நகர்த்திக் கொடுத்தார், 60,800 கோடி வந்தது. "ஒன் மேல விழணும்னா அத்தனையில ஒண்ணும்மா, அதுக்குள்ள நீ எத்தன குரோஸ் ஒட்டிரலாம்" என்றார். அத்தை அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார், பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு நின்றவர், ஆனால் குரோஸ் கணக்கில் யாரும் அவரை ஏமாற்ற முடியாது, சுழிகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார், பிறகு பசைச் சட்டியைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். துண்டை அவரிடமே கொடுத்துவிட்டு வந்தோம், அதை அவர் மகன் கதவுக்குப் பின்னால் ஒட்டிவைத்தான்.

ஜூலை 11ஆம் தேதி இரவு பத்து மணிக்குத் தெருவே வெளியில் நின்றது, ஆனி மாதக் காற்று புழுதியை வாரி முகத்தில் அடித்தது, ஒன்றும் தெரியவில்லை, ஏறக்குறைய அந்த நேரத்தில்தான் அது இந்தியப் பெருங்கடலிலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் துண்டு துண்டாக விழுந்திருக்கிறது, அங்கே நள்ளிரவு தாண்டியிருந்தது. யார் மேலும் படவில்லை. அதைப் பற்றிப் பேசித் தீர்க்கவும் அவகாசம் கிடைக்கவில்லை, 15ஆம் தேதி பிரதமர் மொரார்ஜி தேசாய் ராஜினாமா செய்தார், அண்ணாச்சி கடைப் பெஞ்சுகள் ஒரே நாளில் டெல்லிக்குப் போய்விட்டன.

தாத்தா போன பிறகு பேரேட்டைத் திறந்து பார்த்தேன், உள்ளே சிவப்புக்கோட்டுத் துண்டுகள்தான், பென்ஷன் விதி, ரயில் கால அட்டவணை, காமராஜர் காலமான செய்தி. கோட்டையூரில் ரோஜா முத்தையா என்பவர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த நூல்களும் இதழ்களும் அழைப்பிதழ்களும் அவர் 1992இல் மறைந்த பிறகு சென்னையில் ஓர் ஆய்வு நூலகமாக நிற்கின்றன, அப்படிச் சேர்க்கிற மனம் தாத்தாவுக்கு இல்லை, நல்லதென்று பட்டதையெல்லாம் அவர் வீட்டைவிட்டு அனுப்பிவிட்டார், அது பொன்மலையிலும் பசுவந்தனையிலும் யார் யார் வீட்டு அலமாரியிலோ இருந்து, எப்போதோ கரையானுக்கும் போயிருக்கும். இதில் எனக்கு வருத்தம் இல்லை, படித்தவர்கள் படித்துவிட்டார்கள்.

பிறகு நான் மும்பைக்குப் போனேன், மாட்டுங்காவில் தமிழ்நாட்டுப் பையன்கள் சேர்ந்திருந்த ஓர் அறை, ஈரத்துணியும் தேங்காயெண்ணெயும் மெஸ் சாம்பாரும் மணக்கும், ஸ்டேஷன் பக்கம் வாங்கிய ஆனந்த விகடன் ஒன்று முறைவைத்து எல்லோர் கையிலும் போய்வரும். சுஜாதாவை எங்களில் யாரோ ஒருவன் உரக்கப் படிப்பான். கணையாழியின் கடைசிப் பக்கத்தில் தொடங்கி, பின்னாளில் விகடனின் கற்றதும் பெற்றதும் வரைக்கும் அந்த மனிதர் செய்துகொண்டிருந்தது இந்தக் காரியத்தைத்தான், நான் ஒன்று பார்த்தேன், நீயும் பார் என்று ஒவ்வொரு வாசகனிடமும் தனியாகச் சொல்லுகிற மாதிரி எழுதினார். 1995 ஆகஸ்டில் வி.எஸ்.என்.எல். நிறுவனம் இண்டர்நெட்டைக் கொண்டுவந்திருந்தது, குறைந்த கட்டண இணைப்பில் எழுத்து மட்டும் தெரியும், படம் தெரிய வேண்டுமென்றால் கூடுதல் கட்டணம், எங்கள் அறையில் ஒருவனுடைய ஆபீசில் படம் தெரிகிற இணைப்பு இருந்தது, எல்லோரும் போன பிறகு அவன் உட்கார்ந்து தேடுவான்.

1997 ஜூலையில், மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்த ஒரு ராத்திரி, சட்டைக்குள் பிளாஸ்டிக் பையில் சுற்றி அவன் ஒரு தாளைக் கொண்டுவந்தான், ஓரத்தில் ஓட்டை ஓட்டையாக இருக்கிற பிரிண்டர் தாள், அதில் சாம்பல் புள்ளிகளாகச் செவ்வாய் கிரகம். பாத்ஃபைண்டர் விண்கலம் அங்கே இறங்கியிருந்தது, பத்துக் கிலோவுக்குச் சற்று அதிகமான ஒரு சின்ன வண்டி பாறைகளுக்கு நடுவே நின்றது, அவற்றில் ஒன்றுக்கு யோகி என்று பெயர் வைத்திருந்தார்கள், கார்ட்டூன் கரடியின் பெயர். "ஸ்கைலாப் கதை சொன்னீல்ல மாப்ள, இது ஒனக்கு" என்று என்னிடம் நீட்டினான். சேலத்துக்காரனுக்கு வேறு தாள், ஜவுளி ஏற்றுமதி பற்றி, மூலையில் படுத்திருந்த இன்னொருவனுக்குக் கிரிக்கெட். நாற்பது வாட் பல்பின் கீழே அந்தச் சாம்பல் படத்தைத் தள்ளி வைத்தும் பக்கத்தில் வைத்தும் பார்த்தேன், தள்ளி வைத்தால்தான் பாறை தெரிந்தது. எங்கள் தாத்தாவை அவன் பார்த்ததே இல்லை, அவரைப் போலவேதான் செய்தான்.

இப்போது காலை எழுந்தால் போனில் செய்திகள் நிரம்பியிருக்கின்றன, பள்ளிக்கூட நண்பர்கள் குழு, ஊர்க்காரர்கள் குழு, சொந்தக்காரர்கள் குழு, அனுப்புகிறவர்கள் நல்லவர்கள், அன்பினால்தான் அனுப்புகிறார்கள், ஆனால் அதில் தேதி இல்லை, பத்திரிகைப் பெயர் இல்லை, போன வருடத்து வெள்ளம் இந்த வருடமும் வருகிறது, படித்தார்களா என்றும் தெரியவில்லை. 2020இல் கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது எனக்குத் தெரிந்த ஊர்க்காரர்கள் எல்லோரும் அந்தச் செய்தியைத் தள்ளிவிட்டார்கள், பள்ளிக்கூடம் விட்டு வரும்போது எந்தக் கடையில் நின்றோம், பாகு முறுகுகிற வாடை எந்தத் திருப்பத்தில் தொடங்கும் என்று ஒருவராவது ஒரு வரி எழுதுவார் என்று பார்த்தேன், வரவில்லை. இது சின்ன ஏமாற்றம். பெரியது வேறு, 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், கோயிலுக்குக் காரில் போன வயதான பெண்மணி ஒருவரைப் பிள்ளை பிடிக்கிறவர் என்று எண்ணி அடித்தே கொன்றார்கள், அதற்கு முந்தைய நாட்களில் வாட்ஸ்அப்பில் சுற்றிய வதந்தி ஊர்களைப் பயத்தில் வைத்திருந்தது, இப்படி நாட்டின் பல பகுதிகளில் நடந்த பிறகுதான் அந்த ஜூலையில் ஒரு செய்தியை ஐந்து பேருக்கு அல்லது ஐந்து குழுக்களுக்கு மேல் சேர்ந்தாற்போல் தள்ளிவிட முடியாதபடி வாட்ஸ்அப்பில் கட்டுப்பாடு வந்தது. ஐந்தாகக் குறைத்தது நல்லதுதான், ஆனால் அந்த ஐந்து பேர் யார் என்று நினைத்துப் பார்க்கிற வேலையை எந்தக் கம்பெனியும் செய்து தர முடியாது. எங்கள் தெருவிலும் பயம் டீக்கடை வழியாகத்தான் வந்தது, சாக்பீஸோடு ஒருவர் நடந்து வந்து உட்கார்ந்தார்.

2021 டிசம்பரில் ஒரு நாள் இரவு ஸ்கைலாபின் துண்டுகளைப் படத்தில் பார்த்தேன், மேற்கு ஆஸ்திரேலியாவில் எஸ்பரன்ஸ் என்ற ஊரின் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள், அதோடு ஒரு தகவல், தங்கள் ஊரில் குப்பை போட்டதற்காக அந்த ஊராட்சி அமெரிக்காவுக்கு 400 டாலர் அபராதம் விதித்திருக்கிறது, முப்பது வருடம் யாரும் கட்டவில்லை, 2009இல் கலிபோர்னியாவில் ஒரு ரேடியோ அறிவிப்பாளர் நேயர்களிடம் வசூலித்துக் கட்டினார். கை வழக்கம்போலக் குழுவுக்குப் போயிற்று, அனுப்பாமல் நிறுத்தினேன். திருப்பூரில் இருக்கிற அத்தை மகனுக்கு மட்டும் அனுப்பினேன், கீழே 152 பெருக்கல் 400 கோடி என்று எழுதினேன்.

ஐந்து நிமிடத்தில் போன் வந்தது, பேசியது அவன் இல்லை, அத்தை. எண்பதைத் தாண்டிவிட்டார், காது கொஞ்சம் மந்தம், குரல் அதே குரல். "ஏய்யா, இவன் படிச்சுக் காட்டுனான், நானூறு டாலர்னா அன்னைக்கு ரேட்டுக்கா இன்னைக்கு ரேட்டுக்கா?" என்று கேட்டார், அன்றைக்கு டாலர் எட்டு ரூபாய்ப் பக்கம், மூவாயிரத்துச் சொச்சம் வரும் என்றேன், அதை உடனே குரோசாக மாற்றிப் பார்த்தார், அவ்வளவு பெட்டி ஒட்ட எத்தனை வருடம் ஆகியிருக்கும் என்று எனக்குச் சொன்னார். முப்பது வருசம் கட்டாமல் இருந்ததற்கு வட்டி போட்டார்களா என்று கேட்டார், போட்டதாகத் தெரியவில்லை என்றதும் அந்த ஊராட்சிக்காரர்கள் மேல் அவருக்குக் கோபம். பிறகு, "சரி, ஒரு சமாச்சாரம் ஒனக்குத் தெரியுமா, தீப்பெட்டி ரெண்டு ரூவா ஆயிருச்சு, ஒண்ணாந்தேதியிலருந்து, பதினாலு வருசமா ஒத்த ரூவாயாவே இருந்துச்சு" என்றார், எனக்குத் தெரிந்திருக்கவில்லை, பெட்டிக்கு ஒரு ரூபாய் ஏறினால் ஒட்டுகிறவளுக்கு அதில் எவ்வளவு வரும் என்று நினைக்கிறாய் என்று என்னைக் கேட்டுவிட்டு, நான் பதில் சொல்லும்வரைக்கும் காத்திருந்தார்.